ரோசாத் திரவத்துக்கு ஒரு மண்டையோடு

உடுவிலில் கனகலிங்கத்தார் நடத்தும் தரைகழுவும் திரவத் தொழிலகத்தில், எந்தப் போத்தலுக்கு எந்த ஆபத்துக் குறி என்று பிரிப்பது தாரிகாவின் வேலை. கக்கூஸ் கழுவும் அமிலத்துக்குக் கை அரிபடும் படத்தை ஒட்டினாள். முதலாளி தன் கையாலேயே கலக்கிய ரோசாத் திரவத்துக்கு வெறும் ஆச்சரியக்குறி.

அவருக்கு முகம் கறுத்துவிட்டது.

"மண்டையோடு போடு பிள்ளை. அப்பதான் சனம் நல்ல சரக்கெண்டு நம்பும்."

"மண்டையோடு ஆளைக் கொல்லுற நஞ்சுக்கு, ஐயா. உது தோலைத்தான் கடிக்கும்."

"கடிக்குமோ? என்ரை சரக்கோ?"

போத்தலைத் திறந்து முழங்கைவரை பூசிக்கொண்டார். தாரிகா தண்ணீர் எடுக்கப் போனாள். அவள் திரும்பி வருவதற்குள், நெல்லியடியிலிருந்து வந்திருந்த வியாபாரிக்கு முன்னால் நின்று வறட்டு வறட்டென்று சொறிந்துகொண்டிருந்தார்.

சிரிப்பை விழுங்கிக்கொண்டு தண்ணீரை ஊற்றினாள்.

"அப்ப ஆச்சரியக்குறி இருக்கட்டோ, ஐயா?"

"ஓம். கொஞ்சம் பெரிசாப் போடு."