பாதிவழிக்கு வந்த தலைவர்

என் தம்பி இந்திரகுமாரை மலையிலிருந்து இறக்க நான்கு ஆள் வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலியின் இரண்டு பக்கமும் மூங்கில் கட்டித் தோளில் சுமந்து, ரப்பர் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து மெயின் ரோட்டுக்கு இறக்க வேண்டும். ஆறு வளைவு. முழுக்கச் சேறு. போரில் போன காலுக்கு ஆமி கொடுத்த பொய்க்கால் சிமெந்துத் தரைக்குச் செய்தது, இங்கே வழுக்கிவிடும். மாதம் ஒரு வியாழக்கிழமை கரவனெல்ல ஆஸ்பத்திரியில் கிளினிக். அன்று தூக்குகிற நான்கு பேருக்கும் அரைநாள் வேலை போகும்.

பத்தொன்பது வயதில் ஆமியில் சேர்ந்தான். சிங்களம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆமியில் சேர்ந்ததற்காக லயத்தில் சிலர் அவனோடு பேச்சை நிறுத்தினார்கள். கால் போய்த் திரும்பியபோது கீழே சிங்கள ஊர்க்காரர்கள் சந்தியில் மாலை போட்டார்கள். பாதையை மட்டும் யாரும் போடவில்லை.

இந்த வருடம் பிரதேச சபையிலிருந்து நோட்டீஸ் ஒட்டினார்கள். ஐந்தாண்டு அபிவிருத்தித் திட்டமாம். தேவைகளை எழுதிக் கொடுக்கவேண்டுமாம். போர்வீரர் குடும்பங்களுக்கு முதலிடமாம். நானே உட்கார்ந்து எழுதினேன். சிமெந்துப் பாதை, பிடித்து நடக்க ஒரு பக்கம் கம்பி. வேறொன்றும் கேட்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து சபை உத்தியோகத்தர் அப்லால் மூச்சு வாங்க ஏறி வந்தார். மாவனல்லைக்காரர். கையில் அழைப்பிதழ். சந்தியில் போர்வீரர் நினைவுத்தூண் திறக்கிறார்கள், இந்திரகுமார் விளக்கேற்ற வேண்டும்.

"பாதை எப்பங்க?" என்றேன்.

"எந்தப் பாதை?"

"எழுதிக் குடுத்தோமே."

"இந்தத் தோட்டத்தில ஈந்து ஒரு கடிதமும் வரல்லயே. யார்ட்ட குடுத்தீங்க?"

"ஒபீஸ்லதான். கிளாக்கர்கிட்ட."

அவர் நெற்றியில் கை வைத்தார். "தோட்ட ஒபீசுக்கும் சபைக்கும் என்ன சம்பந்தம்? நேரா எங்களுக்குத்தானே தரணும்! இந்த வருசப் பட்டியல் போன மாசமே முடிஞ்சி போச்சே."

பிள்ளை பிறந்தாலும், ஆள் செத்தாலும், கூரை ஒழுகினாலும் நாங்கள் போய் நிற்பது ஒபீஸ் ஜன்னலில்தான். வேறு கதவு இருப்பதாக யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

அப்படியே ஓடினேன். கிளாக்கர் நல்லையா மேசை லாச்சியை இழுத்தார். கடிதம் உள்ளே கிடந்தது, நான் மடித்த மடிப்புக் கலையாமல்.

"தோட்டத்துத் தொர சைன் வைக்காம எப்படி அனுப்புறது?" என்றார்.

"தொரகிட்ட காட்டுனீங்களா?"

"அவரு பிஸி."

"நீங்களும் லயத்துல பொறந்தவருதானே?"

"சத்தம் போடாத. நாளைக்கும் எதுக்காச்சும் இந்த ஜன்னலுக்குத்தான் வருவ."

கடிதத்தைப் பிடுங்கிக்கொண்டு வந்தேன்.

திறப்புவிழா அன்று காலை இந்திரகுமார் வெள்ளைச் சட்டையில் பதக்கங்களைக் குத்திக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். தூக்குகிற சசியும் மற்ற மூவரும் நாற்காலியோடு வந்தார்கள்.

"மாப்பிள்ள ரெடியா? மாலை ஒனக்கு, எங்களுக்கு ஒரு டீயாவது கேட்டு வாங்கிக் குடுப்பா!" என்றான் சசி.

"இன்னைக்கு யாரும் தூக்க வேணாம்" என்றேன்.

"அக்கா, பைத்தியமா ஒனக்கு? வெளக்கேத்த என்னத்தானே கூப்பிட்டிருக்காங்க."

"கூப்பிட்டவங்க வந்து பாக்கட்டும், நீ எப்படி எறங்குறன்னு."

"என் மானத்த வாங்காத."

"போன மழைக்கு மூணாவது வளைவுல நாற்காலியோட சேத்துல கெடந்தியே, அப்ப எங்க போச்சு ஒன் மானம்?"

அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். சொல்லியிருக்கக் கூடாது. ஆனாலும் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை.

அப்லால் எனக்குப் போன் எடுத்தார். சபைத் தலைவர் காத்திருக்கிறாராம், கேமராக்காரர் காத்திருக்கிறாராம். "ஏறி வரச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டேன்.

வந்தார்கள். வெள்ளை உடுப்பில் தலைவர், பின்னால் அப்லால், கேமராக்காரர். மூன்றாவது வளைவில் தலைவரின் கால் வழுக்கியது. ரப்பர் மரத்தைக் கட்டிப் பிடித்தார். காலையில் பாலுக்கு வெட்டிய மரம். அதில் கட்டியிருந்த சிரட்டை கவிழ்ந்து பால் முழுவதும் அவர் மார்பில் வழிந்தது. அதற்கு மேல் ஏறமாட்டேன் என்று அங்கேயே நின்று கத்தினார்.

"பாதிவழிக்காவது கொண்டு வாங்க! மீதிக்கு நம்ம ஆக்கள் தூக்குவாங்க!"

சிங்களத்தில் கத்தியதால் என்னைவிட முதலில் விளங்கியது இந்திரகுமாருக்குத்தான். அவரை எட்டிப் பார்த்தான். பிறகு குனிந்து, நாற்காலியில் மூங்கிலைக் கட்டியிருந்த கயிற்றை ஒவ்வொரு முடிச்சாக அவிழ்த்தான்.

"போகலன்னு சொல்லுக்கா" என்றான்.

நான் கடிதத்தோடு இறங்கினேன். "கெடச்சதுன்னு எழுதி சைன் வைங்க" என்று நீட்டினேன். அப்லால் அதைச் சிங்களத்தில் சொல்லிவிட்டுத் தன் பேனாவைக் கொடுத்தார். தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் எழுதினார். கை முழுக்கப் பால். தாளில் அவருடைய விரல் ஒட்டிக்கொண்டது.

"அடுத்த வருசப் பட்டியல்ல பாப்போம்" என்றார்.

ரப்பர் பால் காய்ந்தால் துணியிலிருந்து போகாது. எங்கள் உடுப்பெல்லாம் அப்படித்தான். அவருக்கு வேறு சட்டை இருக்கும். கொஞ்ச நேரத்தில் கீழே ஒலிபெருக்கி பாடத் தொடங்கியது. விளக்கை வேறு யாரோ ஏற்றியிருப்பார்கள்.

கடிதம் இப்போது என்னிடம்தான் இருக்கிறது. சபைக்கு நானே கொண்டுபோவேன். ஒபீஸ் ஜன்னலில் கொடுக்கமாட்டேன்.

நாளை மறுநாள் கிளினிக் வியாழக்கிழமை. வாசலில் உட்கார்ந்து இந்திரகுமார் கயிற்றை மறுபடி மூங்கிலில் கட்டிக்கொண்டிருக்கிறான்.