உள்பக்கத்துப் பூசணம்

கேம்பரின் மேலுறையைப் பாதி விலக்கும்போதே ரேலீனுக்கு வாடை அடித்துவிட்டது. ஈரத்துண்டைப் பையில் போட்டு மறந்துபோனால் வருமே, அந்த வாடை.

ரஸ் கையில் இருந்த வண்டியிலிருந்து அது வரக்கூடாது. அவன் கூடார ஆணிகளைக்கூடக் கழுவித் துடைத்து வைக்கிறவன்.

நெவ்வின் வண்டிக் கிடங்கிலிருந்து வெளியே இழுப்பதற்கு முன்னால், அங்கேயே ஒரு தடவை விரித்துப் பார்த்துவிடுவது அவள் வழக்கம். மற்ற வருஷங்களில் நெவ் தேநீர்க் கோப்பையோடு பக்கத்தில் வந்து நின்றுகொள்வார். "என்னம்மா ரே, முதல் ராத்திரிக் கூடாரம் எங் கெடங்குலதானா? இங்க ஆள் படுக்கக் கூடாது, கவுன்சில்காரன் பாத்தா எங் காதத் திருகுவான்" என்று ஒரே கிண்டலைப் புதிதுபோலச் சொல்வார். இன்றைக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுக் கொட்டகை வாசலில் போய் உட்கார்ந்தவர், அவள் பக்கம் திரும்பவே இல்லை. கையில் இருந்த இறைச்சி அடைத்த ரொட்டி ஆறிக்கொண்டிருந்தது.

கேம்பர் அவளுக்கும் அவள் முன்னாள் கணவன் ரஸ்ஸுக்கும் பொது. காருக்குப் பின்னால் பூட்டி இழுக்கிற இரும்புப் பெட்டி, அதன்மேல் மெத்தை. மூடியைத் திறந்து கவிழ்த்தால் பக்கவாட்டில் ஓர் அறையளவுக்குக் கான்வாஸ் கூடாரம் விரியும். பிரிந்தபோது வீடு அதன் கடனோடு அவளுக்கு வந்தது, பின்பக்கம் சுமை ஏற்றுகிற யூட் வண்டி அவனுக்குப் போனது. கேம்பரை விற்றுவிடலாம் என்று யார் முதலில் சொல்வது? இரண்டு பேருமே சொல்லவில்லை. அவனுக்குப் பாலைநிலம் பிடிக்கும், அதனால் குளிர்காலம் அவனுக்கு. அவளுக்குக் கடல், அதனால் கோடை அவளுக்கு. அந்த ஊரில் வெயில் தொடங்குகிற அக்டோபர் பிறந்தால் சாவி நெவ்விடம் வந்து காத்திருக்கும். ஈஸ்டர் முடிந்ததும் அவள் கொண்டுவந்து வைப்பாள்.

போர்ட் அகஸ்டா சின்ன ஊர்தான். கடையில் எதிர்ப்பட்டால் தலையாட்டிக்கொள்வார்கள். மற்ற பேச்செல்லாம் கேம்பர் வழியாக நடந்தது. மூடியைத் தூக்க ஒருவர் கைப்பிடியைச் சுற்றவேண்டும், இன்னொருவர் கம்பியைப் பிடிக்கவேண்டும். முதல் வருஷம் அவள் அதோடு மல்லுக்கட்டித் தோளைச் சுளுக்கிக்கொண்டாள். அடுத்த அக்டோபரில் கைப்பிடி இருந்த இடத்தில் மோட்டார் இருந்தது. அவள் பதிலுக்குத் தேய்ந்துபோன ஜிப்புகளை எல்லாம் மாற்றினாள். அவன் கம்பிகள் தானாக எழும்பும்படி சுருள்வில் வைத்தான். யாரும் யாருக்கும் நன்றி சொல்லவில்லை. தான் வைத்ததற்கு மற்றவர் எண்ணெய் போட்டிருந்தால் அதுதான் நன்றி. இரண்டு பேர் செய்யவேண்டிய வேலையை ஒற்றை ஆள் செய்யும்படி, இத்தனை வருஷமாக இருவரும் சேர்ந்து மாற்றியிருந்தார்கள்.

பொத்தானை அழுத்தினாள். மோட்டார் முனகியது, மூடி எழுந்து கவிழ்ந்தது. கான்வாஸ் தொப்பென்று இறங்கியது. உள்ளே குனிந்து நுழைந்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கருப்புப் புள்ளிகள். மிளகைப் பொடித்து ஊதிவிட்டதுபோல.

"பாவி. ஈரத்தோட மடிச்சுட்டான்."

கேம்பர் வைத்திருப்பவர்களிடம் அதைவிடப் பெரிய குற்றம் கிடையாது. மழையில் மடிக்கலாம், வேறு வழி இல்லாவிட்டால். ஆனால் வீடு சேர்ந்ததும் முதல் காரியமாக விரித்துக் காயவைக்கவேண்டும். ஒருமுறை ஒரு தீவில் கூடாரம் போட்டுவிட்டு இருவரும் காய்ச்சலோடு திரும்பினார்கள். அவள் நேராகப் போய்ப் படுத்துவிட்டாள். ஜன்னல் வழியே பார்த்தபோது, ரஸ் போர்வையைப் போர்த்திக்கொண்டு புல்வெளியில் கூடாரத்தை விரித்துக்கொண்டிருந்தான். அந்த ரஸ்ஸா இது?

கோபத்தோடு போனை எடுத்தாள். எடுத்தவள், அழைக்காமல் மறுபடியும் அண்ணாந்து பார்த்தாள்.

அவளுக்குப் பள்ளி ஆய்வகத்தில் வேலை. ரொட்டித்துண்டிலும் கண்ணாடித் தட்டிலும் பிள்ளைகளுக்காகப் பூசணம் வளர்ப்பவள். தண்ணீர் எங்கே நின்றதோ அங்கே பூசணம் எழுந்து நிற்கும், பொய் சொல்லாது. ஈரத்தோடு மடித்திருந்தால் மடிப்புக் கோடுகளில் கருப்பு ஓடியிருக்கவேண்டும். மடிப்புகள் சுத்தமாக இருந்தன. வெளியே வந்து பார்த்தாள், வெளிப்பக்கமும் சுத்தம். உள்ளே மட்டும்தான், அதுவும் இரண்டே இடத்தில். அடுப்பு வைக்கிற மூலைக்கு மேலே ஒன்று. கட்டிலின் இடது பக்கம், தலையணைக்கு நேர் மேலே, தட்டு அகலத்துக்கு இன்னொன்று.

மழை இல்லை. மூச்சு. குளிர் ராத்திரிகளில் எல்லாவற்றையும் மூடிக்கொண்டு ஒருவன் உள்ளே படுத்தால், அவன் மூச்சு சில்லென்ற கான்வாஸில் பட்டு நீராக இறங்கும். ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் இப்படி ஆகாது. குளிர்காலம் முழுக்க வேண்டும்.

அப்போதுதான் மற்றவை கண்ணில் பட்டன. விரிக்கும்போதே பார்த்திருந்தாள், பெரிய மனுஷன் மாளிகை கட்டியிருக்கிறான் என்று மனதுக்குள் பழித்துமிருந்தாள். கட்டிலைச் சுற்றி வெள்ளித்தாள் போர்வை தைத்திருந்தது. காலடியில் டீசலில் எரிகிற சின்னக் கணப்பு, அதன் புகைக்குழாய் ஒழுங்காக வெளியே போயிருந்தது. தரைக்கு அளவாக வெட்டிய கம்பளம், முகச்சவரம் செய்ய அவன் உயரத்துக்கு ஒரு கண்ணாடி, சட்டை மாட்ட ஒரு கொக்கி. வாசலில் கால்துடைக்கும் மிதியடி. மேல் காற்றோட்ட ஜன்னலை நாடாவால் ஒட்டி அடைத்திருந்தான். பயணம் போகிறவன் வாங்குகிற சாமான் ஒன்றுகூட அதில் இல்லை.

கீல்களைத் தடவிப் பார்த்தாள். எவ்வளவு கழுவினாலும் கீல் இடுக்கில் வடக்குப் பாலையின் செம்மண் மிஞ்சும். இந்த வருஷம் விரலில் ஒட்டவில்லை.

கொட்டகை வாசலுக்குப் போனாள்.

"நெவ், ரஸ் இந்த வருஷம் எங்க போனான்?"

"வடக்கே போறதாத்தான் சொன்னான்."

"சக்கரத்துல சிலந்தி கூடு கட்டியிருக்கு."

"சிலந்திக்கு என்னம்மா, இடம் கெடைச்சா கட்டிக்கும்." சொல்லிவிட்டு, சொன்னது தனக்கே பிடிக்காததுபோல் ரொட்டியைக் கீழே வைத்தார்.

"நெவ்."

"என்கிட்ட கேக்காத ரே. சொல்ல மாட்டேன்னு அவனுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"சொல்ல வேணாம். தலைய மட்டும் ஆட்டுங்க. இங்கதான் இருந்தானா?"

நெவ் தலையாட்டவில்லை. அவர் கண் மட்டும் பின்வேலிப் பக்கம் போய் வந்தது. அங்கே குழாயடியில், மழைக்கு வளர்ந்த பச்சைப் புல்லுக்கு நடுவே, கூடாரத்தின் அளவுக்கு ஒரு சதுரம் வெளிறிக் கிடந்தது.

"அவன் இருந்த வாடகை வீட்ட வித்துட்டாங்க," என்றார் கடைசியில். "தேடாத எடம் இல்ல. ஒரு வீட்டுக்கு ஊரே வரிசையில நிக்குது. முதுகு போனதுக்கப்புறம் நிரந்தர வேலையும் இல்ல, எவன் குடுப்பான்? ஒரு வாரத்துக்குன்னுதான் வந்தான்."

"நீங்களாவது சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருந்தா அன்னிக்கே கெளம்பியிருப்பான். உனக்குத் தெரியாதா அவன? கடைசியில அந்தத் துணியப் போட்டுத் தேய்ச்சுக்கிட்டே கெடந்தான். 'ஒண்ணாந்தேதி ரே வந்துருவா, ஒண்ணாந்தேதி ரே வந்துருவா'ன்னு அதே பாட்டு."

"இப்ப எங்க?"

"யூட்டுல மூட்டைய ஏத்திட்டுப் போனான். எங்கன்னு நான் கேக்கல. கேட்டா பொய் சொல்லுவான், அப்புறம் நான் வேற நம்புற மாதிரி நடிக்கணும்."

ரேலீன் திரும்பிப் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். தேதி தவறாமல் வந்து அவன் வீட்டைப் பிடுங்கியிருக்கிறாள். அவனும் தேதி தவறாமல் துடைத்துக் கொடுத்திருக்கிறான்.

அவள் வீட்டில் ஓர் அறை சும்மா கிடந்தது. தையல் இயந்திரமும் இஸ்திரி மேசையும் மட்டும். அதை நினைத்தாள். உடனே காலையில் கூடத்தில் அவன் பூட்ஸ் சத்தத்தையும் நினைத்தாள். அந்த வீட்டின் அமைதி அவளுக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால் தெரியாது. ஆனால் அது அவளுடையது. கூப்பிட்டால் அவன் வரமாட்டான் என்பதும் அவளுக்குத் தெரியும். வரமாட்டான் என்பது வசதியாகவும் இருந்தது.

அவள் கொடுக்க மிச்சம் இருந்தது கடற்கரை. வருஷத்தில் அங்கே இருக்கும் நாட்களில்தான் யாராவது அவளிடம், "மீன் கெடைச்சுதா?" என்று கேட்பார்கள். பக்கத்துக் கூடாரத்திலிருந்து கோப்பையை உயர்த்திக் காட்டுவார்கள். அதற்காகத்தான் மற்ற மாதங்களைக் கழித்தாள். அடுத்த சனிக்கிழமைக்கு இடம் எடுத்துவைத்திருந்தாள்.

போனில் அவன் பெயரை அழுத்தினாள்.

"என்ன ரே."

"எங்க இருக்க?"

"குவார்ன்ல. பீட் வீட்டுல."

அவன் குரலுக்குப் பின்னால் டிங், டிங் என்று ஒரு மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. சாவி மாட்டியிருக்கக் கதவைத் திறந்துபோட்டால் அந்த யூட் அப்படித்தான் அடிக்கும். அரை மணி தூரத்துக் குவார்னில் இருந்த அவன் சிநேகிதன் பீட்டின் வீட்டுக் கூடத்தில் யூட் நிறுத்த இடம் கிடையாது.

"கேம்பர எடுத்தாச்சா?" என்றான்.

"எடுக்கல. நாறுது."

"நல்லாத்தான் தேய்ச்சேன்."

"தேய்ச்ச லட்சணத்தத்தான் பாக்குறேனே. மழையில நனைச்சு, ஈரத்தோட மடிச்சு வெச்சிருக்க. வெக்கமா இல்ல?"

இல்லாத குற்றம் அது. இருக்கிற உண்மையைவிட அது அவனுக்கு இலேசாக இருக்கும் என்று நினைத்தாள்.

ஈரத்தோடு மடித்தான் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் ரஸ் ஒரு மாதம் பேசியிருக்கமாட்டான். இப்போது மெல்லச் சொன்னான்: "ஆமா. மழையில மாட்டிக்கிட்டேன். அப்புறம்... மறந்துட்டேன்."

"அப்ப நீயே வந்து சரி பண்ணு. நான் உனக்குத் துணி தொவைக்கிறவ இல்ல. மடிக்காம விரிச்சே கெடக்கணும். மேல் ஜன்னலத் தொறந்து வெக்கணும். ஆவி வெளிய போகலன்னா திரும்பத் திரும்ப வரும்."

"எத்தன நாளைக்கு?"

"கோடை முழுக்க."

"கான்வாஸ் ரெண்டு நாள்ல காஞ்சுடும் ரே."

"இது காயாது."

டிங், டிங்.

"உன் கடற்கரை?"

"இந்த வருஷம் போகல. ஒரே கூட்டம்."

"கூட்டம் இல்லன்னுதான அங்க போற."

"ரஸ், நான் பூசணத்த வளத்து சம்பளம் வாங்குறவ. சொன்னா கேளு."

அவன் சிரித்திருக்கவேண்டும், அல்லது மூக்கை உறிஞ்சினான். "நெவ் ஒத்துக்க மாட்டாரு. கவுன்சில்..."

போனைக் காதிலிருந்து எடுக்காமல் அவள் திரும்பினாள். நெவ் எப்போது அவ்வளவு பக்கத்தில் வந்து நின்றார் என்று தெரியவில்லை. போனுக்குக் கேட்கும்படி சத்தமாகச் சொன்னார்: "படுக்கத்தான் கூடாது. ரிப்பேர் பண்ணலாம். ரிப்பேர் பண்றவன் அசதியில கண்ணசந்தா அதுக்கு நான் என்ன பண்றது?"

மறுபக்கம் கதவு அடைபடும் சத்தம் கேட்டது. மணி நின்றது.

"பத்து நிமிஷத்துல வரேன்," என்றான் ரஸ். உடனே திருத்திக்கொண்டான். "இல்ல, அரை மணி ஆகும். குவார்ன்லேர்ந்து வரணும்ல."

"மெதுவா வா," என்றாள்.

அவன் வரும்போது அங்கே நிற்க அவளுக்கு விருப்பமில்லை. நின்றால் முகத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். ஏணிமேல் ஏறி ஜன்னலை அடைத்திருந்த நாடாவை உரித்தாள். காற்று உள்ளே வந்தது. கொண்டுவந்திருந்த படுக்கையையும் தூண்டிலையும் மறுபடி காரில் ஏற்றினாள். மளிகைப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டு, யோசித்து, கேம்பரின் அடுப்படியிலேயே வைத்தாள். கேட்டால் மறந்துபோய் விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

"ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போயேன்," என்றார் நெவ்.

"இன்னொரு நாள்."

"சனிக்கிழமை என்ன பண்ணப் போற?"

"துணி காயப்போடணும்," என்றாள். நெவ் சிரிக்கவில்லை.

இழுவைக்கென்று காரின் இரண்டு பக்கமும் நீளக் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு வந்திருந்தாள். கழற்ற மறந்துவிட்டாள். பின்னால் பாரம் இல்லாததால் கார் ஒவ்வொரு மேட்டிலும் துள்ளியது. கண்ணாடிகளில் கேம்பரின் தோள்கள் தெரியவேண்டிய இடத்தில் காலிச் சாலைதான் ஓடியது, இரண்டு பக்கமும் ஒரே மாதிரி.

ஊர் எல்லைக்கு முன்பே எதிரில் யூட் வந்தது. குவார்ன் பக்கமிருந்து இல்லை, ஊரிலிருந்து. பின்பக்கம் தார்ப்பாய் போட்டுக் கட்டிய மூட்டைகள். கடக்கும்போது அவன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல் ஒரு விரலை மட்டும் உயர்த்தினான், முன்பின் தெரியாத கேம்பர்காரர்கள் சாலையில் எதிர்ப்பட்டால் செய்வதுபோல.

அவளும் ஒரு விரலை உயர்த்தினாள். வலப்பக்கக் கண்ணாடியில் யூட் சின்னதாகி, நெவ்வின் வாசலில் திரும்புவது வரை பார்த்தாள்.