நேரில் இருப்பவருக்கே வண்டி

பிக்கெட் மாவட்டத்துக்காரர்களைக் கூட்டத்துக்கு வரவைப்பது கஷ்டமில்லை, உட்காரவைப்பதுதான் கஷ்டம். மின் கூட்டுறவுச் சங்கத்துக்கு இது நன்றாகத் தெரியும். அதனால் ஒவ்வொரு ஜூன் மாதமும் சந்தைத் திடலில் பெரிய கூடாரம் அடித்து, பன்றிக்கறியும் பீன்ஸும் வயிறு முட்டப் போட்டு, வீட்டுக்கு ஒரு பிளாஸ்டிக் வாளி கொடுத்து, எல்லாம் முடிந்த பிறகு வீட்டுக்கு ஒரு சீட்டு எழுதிப் போட்டுக் குலுக்கலில் ஒரு வண்டியும் கொடுப்பார்கள். சங்கத்தில் ஓடி ஓய்ந்த பழைய ட்ரக்தான். பெயர் கூப்பிடும்போது ஆள் நேரில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த சீட்டு. ஜெயித்தவர் வண்டியில் ஏறி ஹாரன் அடிப்பார். ஹாரன் சத்தம் கேட்டதும் ஜனம் வாளியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடும்.

கரண்ட் வாங்கும் ஒவ்வொரு வீடும் சங்கத்துக்குச் சொந்தக்காரர், வீட்டுக்கு ஒரு ஓட்டு என்று அந்த வாளியின் மேலேயே அச்சடித்திருக்கும். ஜனம் அதில் தக்காளி நாற்று வைத்தது.

இந்த வருடம் வெர்னா ஹாஸ்கின்ஸ் அந்த ஓட்டை நம்பித்தான் வந்திருந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவள். மேடை ஏறிப் பழக்கமில்லை. ஆனால் பின்னால் திரும்பாமலே ஐம்பது பிள்ளைகளை அடக்கிய குரல் இன்னும் இருந்தது. கூட வந்தவன் அவளோடு ஒரே வீட்டில் இருக்கும் தம்பி லைல். முப்பது வருடம் சங்கத்தில் கம்பம் ஏறியவன். இப்போது நுரையீரல் கெட்டு, மூக்கில் குழாயும் பக்கத்தில் சக்கரம் வைத்த சிறு சிலிண்டருமாக இருந்தான். வீட்டில் அவனுக்குக் கரண்டில் ஓடும் ஆக்சிஜன் மெஷின் இருந்தது.

வம்பு அந்த மெஷினில்தான் தொடங்கியது. ஜனவரியில் ஒருநாள் வெர்னா கடைக்குப் போய்விட்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பினாள். வீடு நிசப்தமாக இருந்தது. மெஷின் அணைந்திருக்க, லைல் நாற்காலியில் உதடு நீலம் பாரித்து உட்கார்ந்திருந்தான். கரண்ட் போய்விட்டதோ என்று பார்த்தால், மேசை விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

“நீதான அணைச்ச?” என்றாள்.

“கொஞ்ச நேரம்தான்க்கா. பில்லு ஏறிட்டே போகுதுல்ல.”

“எத்தன நாளா நடக்குது இது?”

அவன் மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டான். வெர்னா மெஷினைப் போட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

அதற்கு அடுத்த மாதம்தான் செய்தி வந்தது. மாவட்டத்தின் வடக்கு மூலையில் ஒரு கம்பெனி டேட்டா சென்டர் கட்டப்போகிறது, ஆயிரக்கணக்கான கம்ப்யூட்டர்கள் ராப்பகலாக ஓடும் கட்டடம். அதற்காகப் புது லைன், புது சப் ஸ்டேஷன். அந்தச் செலவை எல்லா வீட்டு பில்லிலும் பிரித்துப் போட இயக்குநர்கள் யோசிக்கிறார்கள்.

சண்டை போடுவதற்கு முன்னால் எதிராளியைப் பார்த்துவிட வேண்டும் என்று, பக்கத்து மாவட்டத்தில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஒன்றைப் பார்க்கத் தம்பியைக் கூட்டிக்கொண்டு போனாள். திட்டித் தீர்க்கும் எண்ணத்தோடுதான் போனாள். காரை ஓரம் கட்டியதும் வாயடைத்துவிட்டது. ஜன்னலே இல்லாத வெள்ளைச் சுவர், சாலையின் இந்த வளைவிலிருந்து அந்த வளைவு வரை. கூரை முழுக்கச் சூடு தணிக்கும் பெரிய மின்விசிறிகள். மனித நடமாட்டமே கண்ணில் படவில்லை. கார் இருக்கையின் வழியாக முதுகெலும்புக்குள் ஏறும் ஒரு ரீங்காரம் மட்டும். உலகத்தில் யாரோ எங்கோ கேட்கும் கேள்விக்கெல்லாம் இந்தச் சோளக்காட்டு நடுவில் விடை தயாராகிறது என்று நினைத்தபோது அவளுக்கு மயிர்க்கூச்செறிந்தது. கோபத்தைத் தேடிப் பார்த்தாள், அந்த நேரத்தில் அது கிடைக்கவில்லை.

லைல் இரும்புக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தான். “எப்படி இழுத்திருக்கான் பாரு கம்பிய. ஒரு தொய்வு இல்ல.”

“உன் மெஷின அணைச்சு மிச்சம் பிடிச்சியே, அது இதுக்கு எவ்வளவு நேரம் காணும்?”

“கண்ணு சிமிட்டக்கூடக் காணாதுக்கா” என்றான். அவன் குரலிலும் மரியாதைதான் இருந்தது.

வீடு வந்ததும் வெர்னா வீடு வீடாகப் போய்க் கையெழுத்து வாங்கி, ஒரு தீர்மானத்தை ஆண்டுக் கூட்டத்தில் வைக்கும்படி செய்தாள். சிக்கலாக எதுவுமில்லை. அந்தக் கட்டடத்துக்காகப் போடும் லைனுக்கும் சப் ஸ்டேஷனுக்கும் அந்தக் கட்டடக்காரர்களே பணம் கட்ட வேண்டும். அவ்வளவுதான். ஆனால் தீர்மானம் செல்லுபடியாக வேண்டுமென்றால் ஓட்டெடுப்பு நேரத்தில் ஐந்நூறு உறுப்பினர்களாவது கூடாரத்தில் இருக்க வேண்டும் என்று விதி. ஆள் குறைந்தால் இயக்குநர்கள் வைத்ததுதான் சட்டம். வண்டி கடைசியில் இருக்கும்வரை ஆளுக்குப் பஞ்சமில்லை என்று வெர்னா தைரியமாக இருந்தாள்.

சாப்பாடு முடிந்ததும் மேலாளர் ட்ராவிஸ் பென்லி மைக்கைப் பிடித்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. இழவு வீட்டுக்கு ஆறுதலாக முதல் ஆளாய்க் கேக் கொண்டுபோகிறவர்.

“வெயில் கொளுத்துது. பெரியவங்கள்லாம் இருக்கீங்க. அதனால இந்த வருசம் குலுக்கல முதல்ல முடிச்சிருவோம்னு இயக்குநர்கள் சொல்லிட்டாங்க” என்றார்.

கூட்டம் கைதட்டியது. வெர்னா தம்பியின் பக்கம் குனிந்தாள்.

“ஹாரன் அடிச்சதும் எந்திரிச்சிருவாங்கடா” என்றாள்.

“சாமர்த்தியமாத்தான் பண்ணியிருக்கான்” என்ற லைலின் கண் வேறெங்கோ இருந்தது. கூடாரத்துக்கு வெளியே நின்ற பரிசு வண்டி பதினேழாம் நம்பர். கடைசிப் பதினோரு வருடம் அவன் ஓட்டியது. பனிப்புயலில் கம்பம் சாய்ந்த இரவுகளில் அவன் தூங்கியது அதில்தான். கதவின் மேல் அவன் முழங்கை தேய்த்த இடத்தில் இன்னும் பெயிண்ட் இல்லை.

பென்லி சீட்டு உருளையைச் சுழற்றி முதல் சீட்டை எடுத்தார். “க்ளைட் மோஸ்பி.”

“போன மாசம்தானய்யா அடக்கம் பண்ணோம்” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

“அவரு ஒரு கூட்டத்துக்கும் நேரத்துக்கு வந்ததில்ல” என்றது இன்னொன்று. கூடாரம் சிரித்தது. இரண்டாவது பெயருக்கு ஆள் இல்லை. மூன்றாவதை எடுத்துப் பென்லி தானே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“வெர்னா ஹாஸ்கின்ஸ்.”

லைல் எழுந்துவிட்டான். பென்லி நீட்டிய சாவியை வாங்கிக்கொண்டு, சிலிண்டரை இழுத்தபடி, மூச்சு வாங்குவதையும் மறந்து நேராக வண்டிக்குப் போனான். கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தான். ஸ்டியரிங்கில் கை வைத்தபோது அவன் முகத்தில் வந்த சந்தோஷத்தை வெர்னா பல வருடங்களாகப் பார்த்ததில்லை. சுற்றிலும் நாற்காலிகள் நகர்ந்தன. வாளிகளைக் கையில் எடுத்துக்கொண்டு ஜனம் அந்த ஹாரனுக்காகக் காத்திருந்தது.

வெர்னா மேடைக்கு நடந்தாள். பென்லியின் கையிலிருந்து மைக்கை வாங்கினாள்.

“லைல், ஹாரன அடிக்காத.”

கூட்டம் திரும்பிப் பார்த்தது.

“ட்ராவிஸ், என் சீட்டத் திரும்ப உருளையில போடு. எனக்கு வண்டி வேண்டாம். பரிசு வேண்டாம்னா மறுபடி குலுக்கணும்ல, அது வழக்கம்தான? ஓட்டெடுப்பு முடிஞ்சப்புறம் குலுக்கு. வண்டி வேணும்ங்கிறவங்க உக்காருங்க.”

“வெர்னாம்மா, வெயிலு...” என்றார் பென்லி.

“பெரியவங்களுக்குத்தான வெயிலு? இங்க பெரியவ நான்தான். எனக்கு வேக்கல.”

அவள் வண்டியைப் பார்த்தாள். லைலின் உள்ளங்கை ஹாரனுக்கு மேலேயே நின்றது. அந்தக் கையைத்தான் அவள் நிறுத்தச் சொல்லியிருந்தாள். அவனைக் கேட்காமலே அவனுடைய வண்டியைக் கொடுத்துவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. லைல் கையை எடுத்தான். மெதுவாக இறங்கி, கதவைச் சாத்தாமல், வந்து சாவியைப் பென்லியின் சட்டைப் பையில் போட்டான். பிறகு அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“உனக்குக் கிறுக்குதான் பிடிச்சிருக்கு” என்றான்.

“தெரியும்.”

“ஒரு தடவையாவது ஸ்டார்ட் பண்ணியிருப்பேன்ல.”

வெர்னா சிலிண்டரை அவன் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

வாளிகள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வந்தன. இலவச வண்டியை யார்தான் விடுவார்கள்? இயக்குநர் ஒருவர் புது வேலை, புது வரி வருமானம் என்று பேசினார். ஒருத்தி பில் ஏறுவதைப் பற்றிப் பொரிந்து தள்ளினாள். அப்புறம் ஆர்டன் கிம்பல் எழுந்தார். வெர்னாவின் பக்கத்துப் பண்ணைக்காரர். வேலி விஷயமாக நாலு வருடம் அவளோடு பேசாமலே இருந்த மனிதர். அவர் எழுந்ததும் தன் தீர்மானம் காலி என்றே வெர்னா நினைத்தாள்.

“அந்தக் கட்டடம் வரட்டும்னுதான் நான் சொல்றேன். நானும் போய்ப் பார்த்தேன். மனுசன் இப்படியும் கட்டுவானான்னு நின்னுட்டேன். அவ்வளவு பெருசாக் கட்டத் தெரிஞ்சவனுக்கு அவன் வீட்டுக் கம்பிக்குக் காசு கட்டத் தெரியாதா? அத நான் ஏன் கட்டணும்?” என்றுவிட்டு உட்கார்ந்தார்.

தீர்மானத்துக்கு ஆதரவானவர்கள் எழுந்து நிற்கலாம் என்றார் பென்லி.

முதலில் முன்வரிசையில் சிலர் எழுந்தார்கள். பிறகு இடதுபக்கம். பிறகு எங்கிருந்து என்று சொல்ல முடியாதபடி கூடாரம் முழுக்க மடக்கு நாற்காலிகள் கிறீச்சிட்டன. கோழிப்பண்ணைக்காரர்கள், சர்ச் சமையல் கோஷ்டி, ஒருவரையொருவர் கோர்ட்டுக்கு இழுத்தவர்கள், கைக்குழந்தைக்காரிகள், நிற்க முடியாமல் நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு நின்ற கிழங்கள். எண்ண வந்த லைன்மேன் பையன்கள் எண்ணிக்கை தப்பித் திரும்ப முதலிலிருந்து எண்ணினார்கள். வெர்னாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னால் ஏறிய அதே சிலிர்ப்பு உடம்பில் ஏறியது. அதைவிடப் பெரிதாக ஒன்று இந்த மாவட்டத்திலேயே இருந்திருக்கிறது, இத்தனை வருடமும் வாளி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கிறது. லைல் சிலிண்டரை ஊன்றிக்கொண்டு கடைசிவரை நின்றான்.

தீர்மானம் நிறைவேறியது. பென்லி அதை வாசித்தபோது யாரும் கைகூடத் தட்டவில்லை. தாங்கள் செய்ததைப் பார்த்து அவர்களே கொஞ்சம் திகைத்துப்போனது போலிருந்தது.

“சரி, இப்ப வண்டி” என்று பென்லி உருளைக்குத் திரும்பினார்.

ஜனம் கிளம்பிக்கொண்டிருந்தது. முதலில் ஒரு குடும்பம், அப்புறம் ஒரு வரிசை. ஹாரன் இல்லாமல், அவசரமில்லாமல், வாளியைத் தூக்கிக்கொண்டு. “இருங்க, இன்னும் குலுக்கல் இருக்கு” என்று பென்லி மைக்கில் கூப்பிட்டார். யாரோ கையை ஆட்டிவிட்டுப் போனார்கள்.

ஆர்டன் கிம்பல் லைலின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

“வண்டிக்கு இருக்கலையா?” என்றாள் வெர்னா. நாலு வருடத்தில் முதல் பேச்சு.

“மாடு கறக்கணும்” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அவர் மாடுகளை விற்று இரண்டு வருடம் ஆகிறது. வெர்னாவுக்கு அது தெரியும், அவளுக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

கடைசியில் அத்தனை பெரிய கூடாரத்தில் மூன்று பேர் மிஞ்சினார்கள். வெளியே பதினேழாம் நம்பர், கதவு திறந்தபடி. பென்லி உருளையையும் காலி நாற்காலிகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

“சாவிய இப்பவே உங்க கையில குடுத்துரவா?”

“கூடாது. விதின்னா விதி. சீட்ட எடுத்துப் பேரப் படி. ஆள் இல்லன்னா அடுத்தது” என்றாள் வெர்னா.

“வெர்னாம்மா, இதுல முழு மாவட்டமும் இருக்கு.”

“இருக்கட்டும்.” தம்பியைப் பார்த்தாள். “சிலிண்டர் எவ்வளவு இருக்கு?”

“காரில இன்னொன்னு கிடக்குக்கா” என்று லைல் கால் நீட்டி உட்கார்ந்தான்.

பென்லி பெருமூச்சு விட்டுச் சீட்டை எடுத்தார். “ஹெட்டி ராம்சீ.” சற்று நின்றார். பதில் இல்லை. “ஓரன் ஃபிட்ச்.” இல்லை. “டேல், ஜோலீன் ஸ்டக்கி.” நாலைந்து பெயருக்குப் பிறகு அவர் குரல் மாறியது. சர்ச்சில் படிப்பதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தார். ஒவ்வொரு பெயருக்கும் வெர்னாவின் கண்முன் ஒருவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். சாலையில் அவர்களுடைய வண்டிகள் தூசி கிளப்பிக்கொண்டு போவது இங்கிருந்தே தெரிந்தது.

“ஆர்டன் கிம்பல்” என்றார் பென்லி.

எல்லாப் பெயரையும் கேட்டுவிட வேண்டும், தன் பெயர் சீக்கிரம் வந்துவிடக் கூடாது என்று வெர்னா வேண்டிக்கொண்டாள்.