உப்பளத் தொட்டியில் மிதந்த கேமரா

கீ... கீ... கீ... என்று தொட்டிக்குள்ளிருந்து ஓர் அலறல் கிளம்பியதும், பாத்தியில் உப்பு வாரிக்கொண்டிருந்த நாலு பேர் வேலையை விட்டுவிட்டு நிமிர்ந்தார்கள்.

"தண்ணி பூந்துடுச்சி! தூக்குங்க, சீக்கிரம் தூக்குங்க!" என்று ஷமா கரையிலிருந்து கத்தினாள்.

அவள் கணவன் நிஷாத், முழங்கால் ஆழ உப்புத் தண்ணீரில் தடுமாறி, கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டப்பா ஒன்றை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். உள்ளே சிவப்பு விளக்கு துடித்துக்கொண்டிருந்தது. நல்லவேளை, கேமராவை இன்னும் உள்ளே வைக்கவில்லை.

"இன்னா பாய், தண்ணில வுட்டதுமே ஒப்பாரி வைக்குது?" என்றார் சவரிமுத்து. அந்த உப்பளத்தின் மேஸ்திரி. அவர் மகள் கல்யாணத்துக்கு ஷமாதான் வீடியோ எடுத்தாள். அந்த உரிமையில்தான் தொட்டியை இரவல் கேட்டிருந்தாள்.

"அபுதாபியில இதெல்லாம் சகஜம் அண்ணே," என்றான் நிஷாத், மூச்சு வாங்க.

ஷமா உதட்டைக் கடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷம் அபுதாபியில் டைவிங் படகில் வேலை பார்த்துவிட்டு ஆறு மாதம் முன்பு ஊர் திரும்பிய மனிதர். அன்றிலிருந்து வீட்டில் குழாய் ஒழுகினாலும் அபுதாபிதான், குடை கிழிந்தாலும் அபுதாபிதான்.

கோட்டக்குப்பம் கல்யாணங்களில் பெண்கள் பக்கம் ஆண்கள் கேமராவோடு நுழைய முடியாது. அங்கே பத்து வருஷமாக ஷமாவின் ராஜ்ஜியம். ஆனால் கல்யாண மாதம் போனால் கேமரா பீரோவில் தூங்கும். இப்போது ஆரோவில் பக்கமுள்ள ஒரு சின்னக் கடல் ஆய்வுக் குழு, மரக்காணம் கடலில் மீன் சேர்வதற்காகப் போட்ட சிமெண்ட் பாறைகளை மாதாமாதம் வீடியோ எடுக்க ஆள் தேடியது. ஒரு வருஷ வேலை. டைவர் அவர்களுடையவர். கேமரா, அது நனையாமலிருக்க ஹவுசிங் என்கிற டப்பா, விளக்கு எல்லாம் ஷமாவுடைய பொறுப்பு. நாளைக் காலையில் சோதனை. படம் தேறினால் வேலை. தேறாவிட்டால் மறுபடியும் பீரோ.

சென்னைக்குப் போய் வாடகைக்கு எடுக்கும்போதே சண்டை ஆரம்பித்துவிட்டது. நிஷாத்துக்கு அலுமினிய ஹவுசிங்தான் வேண்டும்.

"அடி தாங்கும். சூடும் சட்டுனு இறங்கிடும்."

"உள்ள கொழம்பா வைக்கப் போறோம்?" என்று கேட்டுவிட்டு, ஷமா பிளாஸ்டிக்கை எடுத்தாள். மூடியின் ரப்பர் வளையம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று வெளியிலிருந்தே தெரியுமே!

விளக்கிலும் அதே கதை. ஸ்டேடியத்தில் வைப்பதுபோல ஒரே பெரிய விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான் மனுஷன். ஷமா இரண்டு சின்ன விளக்குகளையும், அவற்றைத் தள்ளிப் பிடிக்க இரண்டு நீளக் கைகளையும் தேர்ந்தெடுத்தாள்.

"நிக்காஹ் வீட்டுல சாம்பிராணி போடுவாங்க. கேமரா பக்கத்துலயே லைட்ட வெச்சா பொண்ணு தெரியாது, பொகதான் தெரியும். நம்ம கடல் கலங்கல். மண்ணும் தூசும்தான் பளபளன்னு தெரியும். லைட் ரெண்டு பக்கமும் தள்ளி நிக்கணும்."

"கடலும் கல்யாணமும் ஒண்ணா?" என்றான் நிஷாத்.

"ரெண்டுலயும் கலக்கி வுடறதுக்குன்னே சிலர் வருவாங்க. தள்ளுங்க."

இப்போது உப்பளக் கரையில் உட்கார்ந்து, நிஷாத் ரப்பர் வளையத்தைக் கழற்றி விரலால் சுற்றிலும் தடவினான். பாதி வட்டத்தில் விரல் நின்றது.

"உப்புக்கல்லு. கடுகளவுகூட இல்ல. இது ஒண்ணு போதும், மொத்த காத்தும் உஸ்ஸுன்னு போயிடும்."

பாட்டிலில் இருந்த நல்ல தண்ணீரில் வளையத்தைக் கழுவினான். இழுத்துப் பார்த்தான். வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்து விரிசல் தேடினான். துணி நூல் விடும் என்று விரலாலேயே வழித்தான். ஒரு சிட்டிகை கிரீஸ் எடுத்துப் பூசினான். ருசி பார்க்கவில்லை, அவ்வளவுதான். அந்தக் கைகளின் லாவகத்தை ஷமா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள ஒரு துணியில அரிசி முடிஞ்சி வெச்சா ஈரத்த இழுத்துக்கும்," என்றான்.

"அரிசியா? அபுதாபியில டைவருங்க கடலுக்கடியில பிரியாணி போட்டாங்களா?"

"வெளையாடாத ஷமா," என்று அவன் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் சிரிப்பை முந்தானையில் மறைத்துக்கொண்டு, ஈரம் உறிஞ்சும் சின்னப் பொட்டலத்தைத் தானே உள்ளே போட்டாள்.

கேமராவையும் வைத்து மூடி, விளக்குகளையும் மாட்டி மறுபடி இறக்கினார்கள். சத்தம் இல்லை. டப்பாவுக்குள் சிவப்புக்குப் பதில் பச்சை விளக்கு. ஆனால் டப்பா வாத்து மாதிரி மேலேயே மிதந்தது.

"விட்ட எடத்துல அப்படியே நிக்கணும். மேலயும் வரக் கூடாது, கீழயும் போகக் கூடாது," என்று சொல்லி, நிஷாத் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகக் கட்டினான். ஆறாவது குண்டில் டப்பா தண்ணீருக்குள் அசையாமல் நின்றது.

சவரிமுத்து தலையைச் சொறிந்தார். "பாய், இது பத்து நாளா வெயில்ல காஞ்ச தண்ணி. கெட்டி. இதுல நீங்க படுத்தாலே மெதப்பீங்க. கடல் அப்படி இல்ல."

"உப்புத் தண்ணி எங்க இருந்தாலும் உப்புத் தண்ணிதான் அண்ணே. அபுதாபியில..."

"சரி, உங்க இஷ்டம்," என்று அவர் பாத்திப் பக்கம் போய்விட்டார். கரையில் பையை அடுக்கிக்கொண்டிருந்த ஷமாவின் காதில் இது விழவே இல்லை.

மறுநாள் காலை, மீனவர் அப்பாவுவின் ஃபைபர் படகு கரையிலிருந்து ரொம்ப தூரம் வந்து நின்றது. ஆய்வுக் குழுவின் டைவர் அருள்மொழி முதுகில் சிலிண்டரோடு கடலில் இறங்கிவிட்டாள்.

"ஏங்க, கேமராவுக்கு ஒரு கயிறு கட்டிக்கலாமா?" என்றாள் ஷமா.

"அபுதாபியில யாரும் கயிறு கட்டறது கெடையாது," என்று சொல்லி, விளக்குகளைப் போட்டு, ரெக்கார்டிங்கையும் அழுத்தி, நிஷாத் கேமராவை நீட்டினான். "மேடம், கைய வுட்டுப் பாருங்க. அப்படியே நிக்கும்."

அருள்மொழி கையை விட்டாள்.

கேமரா நிற்கவில்லை. வேலைக்கு நேரமாகிவிட்ட ஆள் மாதிரி கிடுகிடுவென்று கீழே போனது. இரண்டு வெளிச்சப் புள்ளிகள் மங்கி, பிறகு அவையும் இல்லை.

அப்பாவு மெதுவாகச் சொன்னார்: "சவரிமுத்து நேத்து ராத்திரியே எங்கிட்ட சொன்னாரு பாய், தொட்டித் தண்ணி கெட்டி, நீங்க கேக்கலன்னு."

ஷமா கணவனைப் பார்த்தாள். நிஷாத் ஈயக்குண்டைவிடக் கனமாகத் தலையைத் தொங்கப் போட்டிருந்தான். ஒரு வருஷ வேலை ஒன்பது மீட்டர் ஆழத்தில் கிடந்தது. அருள்மொழி வாயில் குழாயைக் கவ்விக்கொண்டு மூழ்கினாள்.

இருபது நிமிஷம். ஷமா ஓதிக்கொண்டே இருந்தாள்.

பிறகு தண்ணீரைப் பிளந்துகொண்டு முதலில் வந்தது கேமரா. பச்சை விளக்கு எரிந்துகொண்டிருந்தது!

படகிலேயே, துண்டால் வெயிலை மறைத்துக்கொண்டு, மூன்று பேரும் படத்தைப் பார்த்தார்கள். கேமரா மணலில் நேராக உட்கார்ந்து, சிமெண்ட் பாறையையே பார்த்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஆள் இல்லாததால் மீன்கள் பயப்படவில்லை. ஒரு பாறை மீன் லென்ஸுக்கே வந்து முகம் பார்த்தது. இரண்டு பக்கமிருந்தும் வந்த வெளிச்சத்தில் தூசு இல்லை. மீன் செதில் செதிலாகத் தெரிந்தது.

"என் கையில இருந்தா இப்படி வந்திருக்காது," என்றாள் அருள்மொழி. "லைட் பிரமாதம். ஒரு சொட்டு தண்ணிகூட உள்ள போகல. வேலை உங்களுக்குத்தான் ஷமா. வெயிட்ட மட்டும் சரி பண்ணிடுங்க." பிறகு நிஷாத் பக்கம் திரும்பினாள். "சார் ஒன்பது வருஷம் டைவிங் படகுல இருந்தீங்கன்னு படகுல ஏறும்போது சொன்னீங்க. விண்ணப்பத்துல ஷமா இத எழுதவே இல்லையே? அடுத்த தடவ நீங்களும் என்கூட எறங்குங்க. டிரஸ் தர்றேன்."

நிஷாத் கடலைப் பார்த்தான். ஷமாவைப் பார்த்தான். அவளோ கேமராவைத் துடைப்பதில் மும்முரமாக இருந்தாள்.

"மேடம்... நான் எறங்கினதில்ல. படகுல இருந்தது நெசம். ஆனா அடுப்படியில. நாப்பது டைவருக்கு சமையல்."

அப்பாவு இன்ஜினைக் கிளப்பப் போன கையை எடுத்துவிட்டார். அருள்மொழி வாய்விட்டுச் சிரித்தாள்.

"அப்ப அந்த ரப்பர் வளையம்?"

"பெரிய குக்கர் அஞ்சு இருந்துது மேடம். அஞ்சுக்கும் கேஸ்கெட் நான்தான் பாத்துக்குவேன்."

"அதே கையால மாசாமாசம் டப்பாவ மூடிக் கொடுங்க சார். அது போதும்."

படகு கரைக்குத் திரும்பியது. நிஷாத் மெல்ல நகர்ந்து வந்து மனைவி பக்கத்தில் உட்கார்ந்தான்.

"கோவமா ஷமா? ஒன்பது வருஷமா டைவர்னு பொய் சொல்லிட்டேன். நீ நம்பிட்டிருந்த."

ஷமா ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக அவிழ்த்து அவன் மடியில் போட்டாள்.

"தெனம் வீடியோ கால் போட்டீங்களே, ஒரு நாளாவது உங்க பின்னாடி கடல் தெரிஞ்சுதா? வெங்காய மூட்டைதானே தெரிஞ்சுது!"