மச்சானுக்குச் சொன்ன சேதி

எதிரணிக்காரர்கள் அவனுக்கு வைத்த பெயர் பூட்டு. அவனைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது குதிரைக் கொம்பு. பத்து வருடத்துக்கு மேல் ஒரே கால்பந்து கிளப்பின் பின்வரிசையில் நின்றான். அவன் முதுகுக்குப் பின்னால் கோலில் நின்றவன், பிற்பாடு அவனுக்கு மச்சானானான். ஆட்டம் முடிந்து ஒருநாள் கோல்கீப்பர் அவனைத் தன் வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிப்போனான். கதவைத் திறந்தது கோல்கீப்பரின் அக்கா. கல்யாணம் நிச்சயமானதும் அணியே கிண்டலடித்தது: "கோலைக் காப்பாத்திட்டு அக்காவைக் கோட்டை விட்டுட்டியேடா!"

ஒரு மழைநாள் ஆட்டத்தில் பூட்டு எம்பித் தலையால் முட்டிவிட்டு இறங்கியபோது இடது முழங்கால் திருகிக்கொண்டது. இரண்டு ஆபரேஷன். "நடக்கலாம், மாடி ஏறலாம். ஓடணும்னு மட்டும் ஆசைப்படாதீங்க" என்றார் டாக்டர். வீட்டில் கிடந்து எல்லோர்மேலும் எரிந்து விழுந்தான். அப்போது மச்சான்தான் பயிற்சியாளரிடம் போய் நின்றான். "மாமாவுக்கு ஒரு வேலை குடுங்க. இல்லாட்டி என் கிளவுஸையும் நீங்களே வெச்சுக்குங்க." இது பூட்டுக்கு மனைவி சொல்லித்தான் தெரியும். மச்சான் ஒருநாளும் வாயைத் திறக்கவில்லை.

அப்படித்தான் துணைப் பயிற்சியாளர் ஆனான். மைதானத்தில் அடையாளக் கூம்புகளை அடுக்குவான், பின்வரிசைக்குப் பயிற்சி கொடுப்பான், எதிரணியின் ஆட்டங்களைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்ப்பான். இன்னொரு வேலையும் தானாக வந்து ஒட்டிக்கொண்டது. ஆடப்போகிறவர்களின் பெயரைத் தலைமைப் பயிற்சியாளர் வாசிப்பார். அணி அவரைப் பெரியவர் என்று அழைக்கும். இடம் போனவர்களிடம் முன்கூட்டியே போய்ச் சொல்வது பூட்டின் பாடு. அவன் தோளில் கைவைத்தாலே ஆட்டக்காரர்கள் முகம் வெளிறிப்போகும்.

அந்த வருடம் கோப்பையின் இறுதிக்கு வந்தார்கள். மாமனும் மச்சானும் சேர்ந்து ஆடிய காலத்தில் இருமுறை இறுதிவரை போய்த் தோற்ற கோப்பை அது. அரையிறுதியில் மச்சானின் இடப்பக்கம் தரையோடு உருண்டு ஒரு பந்து உள்ளே போனது. மற்றவர்கள் புண்ணியத்தில் ஜெயித்தார்கள்.

பெரியவர் பூட்டைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"கீழ வர்ற பந்துக்கு உன் மச்சான் லேட்டா விழறான். நான் பாக்கறது சரியா? நீ வெச்சுக்கலாம்னு சொன்னா வெச்சுக்கறேன். உன் கண்ணைத்தான் நம்பறேன்."

பூட்டு அதைப் பல மாதங்களாகப் பார்த்துக்கொண்டிருந்தான். சன்னல் வழியே மைதானத்தில் மற்ற பையன்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் அந்தக் கோப்பை வேண்டும்.

"மாத்திடுங்க" என்றான்.

மச்சான் உடைமாற்றும் அறையில் கிளவுஸைக் கழுவிக்கொண்டிருந்தான். பூட்டு தோளில் கைவைத்தான்.

"என்ன மாமா, கைய வெக்கறீங்க? ஆள் மாறி வந்துட்டீங்களா?" என்று சிரித்தான். திரும்பி முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. "பெரியவர் முடிவா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம்.

"என்னைக் கேட்டாரு. நான்தான் சொன்னேன்."

குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"ஒரு வார்த்தை மாமா. ஒரே ஒரு ஆட்டம். உங்க வாயில வரலையா?"

"பந்து வர்றது உன் கண்ணுக்குத் தெரியுதுடா. உடம்புதான் போகமாட்டேங்குது. எனக்கும் இதானே நடந்துச்சு."

"உங்களுக்கு மைதானத்துல நடந்துச்சு. வீட்டு மனுஷன் யாரும் வந்து சொல்லல."

இறுதி ஆட்டம் பெனால்டி வரை போனது. மாற்று கோல்கீப்பர் இடப்பக்கம் விழுந்து ஒன்றைத் தடுத்தான். ஜெயித்தார்கள். பெஞ்சிலிருந்த மச்சான்தான் முதலில் ஓடிப்போய் அவனைக் கட்டிப்பிடித்தான். கோப்பை கைமாறிக் கைமாறித் தன்னிடம் வந்தபோது, அதைத் தலைக்குமேல் தூக்காமல் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டுப் பஸ்ஸில் போய் உட்கார்ந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்ததும் பூட்டு மனைவியிடம் கேட்டான். "தப்பா சொல்லிட்டேனா?"

"சரியாத்தான் சொன்னீங்க. அதனாலதான் உங்களை வாய்விட்டுத் திட்டக்கூட முடியல."

மச்சான் ஆட்டத்தை விட்டான். வேறு ஊரில் ஒரு டயர் கிடங்கில் மேற்பார்வை வேலை. அக்காவுக்குப் போன் செய்வான், மாமா பயிற்சிக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்து. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு அவன் வருவது நின்றது. கடைக்குட்டி மகள் மட்டும் "தாய்மாமா எப்போ வருவாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவளும் கேட்பதில்லை.

பெரியவர் ஓய்வுபெற்றதும் கிளப் பூட்டைத் தலைமைப் பயிற்சியாளராக்கியது. அன்று மாலையே மச்சானைப் போனில் கூப்பிட்டான்.

"கோல்கீப்பர் பசங்களைப் பாத்துக்க ஆள் வேணும்டா. நீ வா."

"சந்தோஷம் மாமா, நிஜமாவே. ஆனா நான் வரல."

"இன்னும் கோபமா?"

"கோபமெல்லாம் எப்பவோ போயிடுச்சு. உங்க குரலக் கேட்டா அந்தக் குழாய்த்தண்ணி சத்தம் கேக்குது. நான் என்ன பண்ண? அக்காவைக் கேட்டதா சொல்லுங்க."

போனை வைத்துவிட்டுக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். வாசலில் நின்றிருந்த மனைவி, "தம்பி என்ன சொன்னான்?" என்றாள்.

"உன்னைக் கேட்டதா சொல்லச் சொன்னான்."

அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அதற்குப்பின்தான் அவன் அழுதான்.