பதினோரு பேர் கேட்ட உப்பு

பாலகுரு சென்னையில் ஒரு மேலாண்மைக் கல்லூரியில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தான். ஒரே உப்பை மூன்று விதமாக விவரித்து ஆன்லைனில் ஏலம் விட்டால், மக்கள் எதற்கு அதிக விலை கேட்பார்கள்? இதைக் கண்டுபிடிக்க மரக்காணத்துக்கு வந்து, கன்னியப்பனின் உப்பளத்தில் கிலோ கிலோவாக உப்பு வாங்கினான். பொட்டலம் போட்டுக் கொடுத்தது அங்கே கூலிக்கு உப்பு வாரும் அம்சவல்லி.

முதல் பொட்டலத்துக்கு ‘உப்பு’ என்று மட்டும் போட்டான். இரண்டாவதற்கு ‘மரக்காணம் கடல் உப்பு’. மூன்றாவதற்கு ஒரு படம் வேண்டுமென்றான்.

“அக்கா, காலைக் கொஞ்சம் காட்டுங்க. வெடிப்பு தெரிஞ்சா வாங்குறவங்களுக்கு நம்பிக்கை வரும்.”

“பதினஞ்சு வருஷமா இந்தக் காலோடதான் இருக்கேன். யாருக்கும் வரலியே” என்றாள் அம்சவல்லி. ஆனாலும் காட்டினாள்.

முதல் பொட்டலத்தை யாரும் கேட்கவில்லை. இரண்டாவது இருபது ரூபாய்க்குப் போனது. கால் படம் போட்டதற்குப் பதினோரு பேர் போட்டி போட்டு, அறுநூற்று நாற்பது ரூபாயில் முடிந்தது. பணமும் வந்து சேர்ந்தது. அடுத்தடுத்து மூன்று வாரம் இதே கதை.

கன்னியப்பன் கிலோ இரண்டரை ரூபாய்க்கு லாரி வியாபாரிக்கு உப்புப் போடுபவர். மறுமுறை லாரி வந்தபோது அதைத் திருப்பி அனுப்பினார். குவித்து வைத்திருந்த முப்பது டன் உப்பு அம்பாரத்தையும் ஏலத்தில் விட்டுத் தரும்படி பாலகுருவைக் கேட்டார். அவனுக்கும் அது நல்ல சோதனையாகப் பட்டது. படத்தில் உப்பு வெள்ளையாகத் தெரிய வேண்டுமென்று, மூடியிருந்த பனையோலைகளை எடுத்துத் தூரத்தில் போடச் சொன்னான்.

“மழை வந்தா என்னங்க பண்றது?” என்றாள் அம்சவல்லி.

“ஆப்ல பார்த்துட்டேங்க்கா. ஒரு வாரத்துக்கு இல்ல.”

மூன்றாம் நாள் காரில் ஒரு பெண் வந்து இறங்கினாள். பெயர் பிரியதர்ஷினி. பெங்களூரில் இன்னொரு கல்லூரியில் ஆய்வாளர். உப்பு விற்பவரை நேரில் பார்க்க வேண்டுமென்றாள்.

“அந்தப் பதினோரு பேரும் எங்க ஆளுங்கதான்” என்றாள். “ஆளுங்கன்னா, ஒரு சாஃப்ட்வேர். போலியா விலையை ஏத்திக்கிட்டே போனா விக்கிறவங்களுக்கு எப்போ சந்தேகம் வருதுன்னு ஆராய்ச்சி பண்றோம்.”

“எவ்ளோ ஏத்தினாலும் வரலைங்க. எழுதிக்கோங்க” என்றாள் அம்சவல்லி.

கன்னியப்பனுக்கு முகம் சிறுத்துப்போனது. “அப்போ காசு கட்டினது?”

“அது எங்க ப்ராஜெக்ட் பணம் சார்.”

“உப்பு?”

“லேப் பீரோல இருக்கு. பிரிக்கல.”

பாலகுரு தன் லேப்டாப்பை மூடினான். அம்சவல்லி அவனுக்காகப் பரிதாபப்பட்டாள். பிறகு அவனும் பிரியதர்ஷினியும் கொட்டகை நிழலில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தார்கள். அரை மணி நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. இரண்டு ஆய்வையும் சேர்த்து ஒரே கட்டுரையாக எழுதலாம் என்று முடிவாகியிருந்தது.

மறுநாள் மதியம் ஆப்பில் இல்லாத மழை கொட்டியது. அம்சவல்லியும் மற்ற பெண்களும் ஓலைக்கு ஓடினார்கள். வரப்பின் அந்தக் கோடியிலிருந்து இழுத்து வந்து சேர்ப்பதற்குள் அம்பாரத்தில் பாதி கரைந்து ஓடிவிட்டது. மிச்சத்தைக் கன்னியப்பன் அதே லாரிக்காரரிடம் கிலோ ஒன்றே கால் ரூபாய்க்குக் கொடுத்தார். பாத்திகளில் தண்ணீர் நின்றதால் பெண்களுக்குப் பன்னிரண்டு நாள் வேலை இல்லை.

ஐந்து மாதம் கழித்துப் பாலகுரு அச்சான கட்டுரையோடு வந்தான். நான்காம் பக்கத்தில் அம்சவல்லியின் கால் இருந்தது.

“என்னங்க எழுதியிருக்கு?” என்று கேட்டாள்.

“ஏலத்துல விலையைத் தீர்மானிக்கிறது நம்பிக்கைதான்னு.”

“மழையில போனது?”

“அது அடிக்குறிப்புல இருக்குது. வெளிக்காரணம்னு போட்டிருக்கோம்.”

உப்பளத் தொழிலாளர்கள் ஏன் ஆன்லைன் ஏலத்தில் பங்கேற்பதில்லை என்பது அவனுடைய அடுத்த ஆய்வு. இருபத்தாறு கேள்விகள் கொண்டுவந்திருந்தான். அம்சவல்லி பொறுமையாக உட்கார்ந்து, இருபத்தாறுக்கும் “தெரியாதுங்க” என்றாள். அவன் ஒவ்வொன்றையும் உற்சாகமாகக் குறித்துக்கொண்டான். விழிப்புணர்வு இல்லாததே காரணம் என்பது, கிளம்பும்போதே அவனுக்குத் தெளிவாகிவிட்டது.