படியில் அள்ளிய தண்ணீர்

வெள்ளவத்தைக் கால்வாயில் மிதக்கும் மலக்கிருமிகளுக்குத் தம் வீட்டுக்குப் போகும் வழி தெரியும். சென்ற வருடம் பெப்ரவரி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கொட்டாஞ்சேனையிலுள்ள ஓர் ஆய்வுகூடத்தில் இது தெரியவந்தது. கண்டவள் ஜீவராணி, அங்கே போத்தலும் தட்டும் கழுவுகிறவள். கழுவுமுன் கிருமிகளை அவித்துக் கொல்வதும் அவள் வேலைதான். அன்று கையில் எடுத்த வட்டத் தட்டில் நீலப் புள்ளிகளாக வளர்ந்திருந்த கிருமிகள் எல்லாம் ஒரே விளிம்பில் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. தட்டைத் திருப்பி வைத்து, பிளேன்டீ குடித்துவிட்டு வந்து பார்த்தாள். எல்லாம் மறுபடியும் தெற்கே, வெள்ளவத்தைப் பக்கம் போய் நின்றன. தட்டில் ஒட்டியிருந்த துண்டில் அவளுடைய தோட்டத்தின் பெயர் எழுதியிருந்தது.

தோட்டம் என்றால் மரமும் செடியும் இல்லை. கால்வாய்க் கரையில் முதுகோடு முதுகு ஒட்டிய பதினான்கு வீடுகள். அந்தப் பதினான்கு கதவிலும் மாநகரசபைக்காரர்கள் நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள்: கால்வாயை நாறடிப்பது நீங்கள்தான், மார்ச் முப்பத்தோராம் திகதிக்குள் வீட்டை விடுங்கள் என்று. பச்சைப் பொய். தோட்டத்து ஆண்கள் பத்து வருடத்துக்கு முன்பே மண்வெட்டி பிடித்துத் தாங்களே கழிவுநீர்க் கான் வெட்டி, கக்கூசுகளை நகரத்தின் பெரிய கழிவுக் குழாயோடு இணைத்திருந்தார்கள். ஆனால் மாநகரசபையிலிருந்து தண்ணீர் அள்ள வரும் பரிசோதகர் ஒவ்வொரு முறையும் தோட்டத்துப் படியில்தான் இறங்குவார். கால்வாயில் படி இருந்தது அங்கே மட்டுந்தான். எதிர்க்கரையில் பன்னிரண்டு மாடிக் கட்டடம், அதற்கு மதில், மதிலுக்கு ஒரு கேட், கேட்டுக்கு ஒரு காவலாளி. சப்பாத்து நனையாமல் எங்கே குனியலாமோ அங்கே குனிந்து அள்ளிவிட்டு, குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டதாக எழுதிக்கொண்டு போனார் அந்த மனிதர்.

ஆய்வுகூடத்தில் கிருமிகளைப் பிரித்துப் பார்ப்பவள் நிம்றா. மாட்டினுடையதா, நாயினுடையதா, மனிதனுடையதா என்று அவளால் சொல்ல முடியும். மனிதனுடையது என்று வந்தது. அப்படியென்றால் தோட்டந்தான் என்று பரிசோதகர் கோப்பை மூடினார். மாடியில் இருப்பவர்களுக்குக் குடலே இல்லை என்ற நினைப்பு.

“மனுசன்டதான் ராணியக்கா. எந்த மனுசன்டண்டு எனக்குச் சொல்லேலா,” என்றாள் நிம்றா.

ஜீவராணி தட்டைக் காட்டினாள். அதுதான் சொல்கிறதே.

இருவரும் தட்டைச் சோற்றுப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு தெற்கே போகும் காலி வீதி பஸ்ஸில் போனார்கள். வெள்ளவத்தையில் இறங்கியபோது புள்ளிகள் நகர்ந்தன. ஜீவராணி வீட்டு வாசலில் எதிர்க்கரைப் பக்கம் ஒதுங்கின. கட்டடத்து வரவேற்பறைக்குள் தட்டைக் கொண்டுபோனதும் மூடியில் ஏறி, மேல்மாடிகளை நோக்கி ஒட்டிக்கொண்டன. காவலாளி இருவரையும் வெளியே துரத்தினான். அடுத்த நாள் ஆய்வுகூடத்துக்கு வந்த பரிசோதகர் தட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், புள்ளிகள் நகர்வதையும் பார்த்தார். அந்தக் கட்டடத்துக்குச் சகல கடதாசியும் இருக்கிறது, தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று கையை விரித்தார். ஜீவராணி சிங்களத்தில் சொன்னாள், அவர் விளங்காத மாதிரி நின்றதால் தமிழிலும் சொன்னாள்.

“கடதாசி கக்கூசுக்குப் போறதில்ல சேர். ஆக்கள்தான் போறது.”

அந்தக் கிழமை முழுக்க அவள் கால்வாய்த் தட்டு ஒன்றையும் அவிக்கவில்லை. சனிக்கிழமை மாலை எல்லாவற்றையும் தோட்டத்துப் படிக்குக் கொண்டுவந்து, மூடிகளைத் திறந்து தண்ணீரில் கவிழ்த்தாள்.

“வீட்டுக்குப் போங்க,” என்றாள். “போகக்குள்ள எல்லாத்தையும் கூட்டிக்கொண்டு போங்க.”

ஞாயிறு காலை கட்டடத்து வரவேற்பறையில் முழங்கால் அளவு கால்வாய் நின்றது. மழை இல்லை. கண்ணாடிக் கதவு திறந்தே கிடந்தும் ஒரு சொட்டு வெளியே வரவில்லை. பம்ப் வைத்து இறைத்தார்கள், பின்னேரம் நான்கு மணிக்கு அது திரும்பி வந்தது; அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். ஐயரைக் கூப்பிட்டார்கள், விகாரை ஹாமதுருவைக் கூப்பிட்டார்கள், பிளம்பரைக் கூப்பிட்டார்கள். பிளம்பர் மட்டும் கட்டடத்திலிருந்து கால்வாய்க்குப் போகும் களவுக் குழாயைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனார். குழாயை மாற்ற ஆறு மாதமாவது செல்லும் என்றார்கள். அதற்கிடையில், வாசலில் இருந்து லிப்ட் வரைக்கும் போக வசதியாக, பளிங்குக் கல்லில் நான்கு படி கட்டினார்கள்.

மார்ச் முப்பதாம் திகதி பரிசோதகர் கடைசி மாதிரி எடுக்க வந்தார். தோட்டத்துப் படியின் கீழே தண்ணீர் இறங்கிப் போயிருந்தது. எவ்வளவு குனிந்தும் போத்தல் எட்டவில்லை. பாலத்தைக் கடந்து எதிர்க்கரைக்குப் போனார். அங்கே நல்ல படி இருந்தது, நிழல் இருந்தது, காவலாளி கதவையும் பிடித்துக்கொண்டான். சப்பாத்து நனையாமல் குனிந்து அள்ளினார். துண்டில் கட்டடத்தின் பெயரை எழுதினார்.

தோட்டத்துக்கு யாரும் வரவில்லை. ஏப்ரலில் நோட்டீஸ் மாடிக்குப் போனது, ஒவ்வொரு கதவுக்கும் ஒன்றாக. இப்போது அங்கே இருப்பவர்கள் சப்பாத்தைக் கையில் பிடித்துக்கொண்டு வேலைக்குப் போகிறார்கள். நான்கு மணிக்கு முன் வந்தால் நனையாமல் ஏறலாம் என்று விருந்தாளிகளுக்குச் சொல்லிவைக்கிறார்கள். ஜீவராணி கொட்டாஞ்சேனையில் பழையபடி தட்டுகளை அவித்துத்தான் கழுவுகிறாள். மூன்று மாதத்துக்கொரு முறை பரிசோதகர் வந்து, அந்தப் பளிங்குப் படியில் இறங்கி, தண்ணீர் அள்ளிக்கொண்டு போகிறார்.